தெல்மா ஓக்ஃபோர்ட் மாற்றிய சொல்

எங்கள் அலுவலகக் கழிவறைக் கதவில் ஒருநாள் தச்சர் ஒருவர் அட்டை ஒன்றைத் தொங்கவிட்டுப் போனார். 'டியூ டு ரிப்பேர்ஸ்' மூடியிருக்கிறது என்று பென்சிலில் எழுதியிருந்தார். அவசரமாக வந்த தெல்மா ஓக்ஃபோர்ட், அந்த அவசரத்திலும் நின்று, கைப்பையிலிருந்து பச்சை மைப் பேனாவை எடுத்து, 'டியூ டு'வை அடித்து 'ஓயிங் டு' என்று எழுதிவிட்டுத்தான் மாடிக் கழிவறைக்கு ஓடினாள். அவளைப் பற்றிச் சொல்ல எத்தனையோ இருக்க, இது முதலில் வாயில் வருவது எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஆனால் ஹோபார்ட் துறைமுகத்தில் அவளைத் தெரிந்த பாதிப் பேருக்கு அவளைப் பற்றித் தெரிந்தது இது ஒன்றுதான். முதுகுக்குப் பின்னால் அவளுக்கு 'ஓயிங்' என்றே பெயர்.

படகு, கப்பல் விபத்துகளை விசாரித்து அறிக்கை போடும் அலுவலகம் எங்களுடையது. விசாரணை அதிகாரி எழுதுவார், தெல்மா திருத்துவாள், நான் தட்டச்சு செய்வேன், அதிகாரி கையெழுத்துப் போடுவார், அச்சுக்குப் போகும். நான் குவீன்ஸ்டவுன் சுரங்க ஊரிலிருந்து வந்தவள். பெயர் நெரிடா. வேலையில் சேர்ந்தபோது எனக்கு இருபத்தொரு வயது, தெல்மாவுக்கு நாற்பது.

அவளுடைய சட்டம் இதுதான். 'டியூ டு', 'ஓயிங் டு' இரண்டுமே காரணம் சொல்ல வந்த சொற்கள். ஆனால் 'டியூ டு' ஒரு பெயர்ச்சொல்லின் கையைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். கப்பலின் தாமதம் மூடுபனியால் விளைந்தது என்றால் அங்கே 'டியூ டு' சரி. மூடுபனியால் கப்பல் தாமதமாக வந்தது என்றால், அது நடந்த செயல், அங்கே 'ஓயிங் டு'தான் வரவேண்டும். எங்களுக்கு இரண்டும் ஒன்று. தெல்மாவுக்கு ஒன்று கல்யாணம், மற்றது ஓடிப்போவது. 'பிகாஸ் ஆஃப்' எங்கே வேண்டுமானாலும் உட்காரும், அதனாலேயே அதற்கு அவளிடம் மரியாதை கிடையாது. சமையலறைச் சொல் என்பாள்.

இவை எல்லாவற்றையும்விட அவளுக்கு ஆகாத சொல் 'ஃபாலோயிங்'. ஒன்றைத் தொடர்ந்து இன்னொன்று நடந்தது என்று எழுதும்போது வருகிற 'தொடர்ந்து'.

"புயலைத் தொடர்ந்து படகு ஒடஞ்சுதுன்னா என்னய்யா அர்த்தம்?" என்று விசாரணை அதிகாரிகளையே நிற்க வைத்துக் கேட்பாள். "புயலுக்கு அப்புறமா, புயலாலயா? அப்புறம்னா அப்புறம்னு எழுதுங்க. அதாலன்னா அதாலன்னு எழுதுங்க. தைரியம் இல்லாதவன் எழுதற வார்த்த இது."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் கொடுமை.

1966 நவம்பர். அந்த மாதத் தொடக்கத்தில் நான் ஒரு சுற்றறிக்கையை நானாகவே எழுதி ஒட்டியிருந்தேன். மழையால் விசைப்படகுப் பயணம் ரத்து என்பது செய்தி. 'டியூ டு' என்று போட்டுவிட்டேன். காலைத் தேநீர் வேளையில், தேங்காய்த்தூள் தூவிய லாமிங்டன் கேக்கைச் சுற்றி எல்லோரும் நின்றிருந்தபோது தெல்மா அதைப் பிய்த்து வந்து உரக்கப் படித்தாள்.

"இந்தப் பொண்ணு படிச்ச ஊர்ல தாமிரம் மட்டுந்தான் தோண்டுவாங்க போல. மண்டைக்குள்ள எதயும் போட மாட்டாங்களா?"

பதிவேட்டுப் பிரிவு பேரி லோனர்கன் தேங்காய்த்தூள் சிதறச் சிரித்தான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டுக் கழிவறையில் போய் அழுதேன். சுரங்கத்தில் ஒரு நுரையீரலைத் தொலைத்த அப்பாவின் மகள் நான், என் ஊரை அப்படிப் பேசியதை என்னால் தாங்க முடியவில்லை.

அதற்கு அடுத்த வாரம்தான் 'லோர்னா'வின் அறிக்கை வந்தது.

'லோர்னா' பெல்லாமி கோவ் என்ற சிற்றூரின் மீன்பிடிப் படகு. இரண்டே பேர். படகுக்காரர் ஆத்தல் பைக், அவரிடம் வேலை செய்த காலின் பரிட்ஜ். ஏப்ரலில் ஸ்டார்ம் பே விரிகுடாவில் மூழ்கியது. ஆத்தல் கடலோடு போய்விட்டார். காலின் ஒரு மீன்பெட்டியைப் பிடித்துக்கொண்டு மிதந்து பிழைத்தான். அலைநீர் உள்ளே புகாதபடி மீன் அறையின் மூடியைத் தாழிட வேண்டியவன் அவன். தாழிடவில்லை. அதை அவனே விசாரணையில் ஒப்புக்கொண்டான்.

விசாரணை அதிகாரி கேப்டன் ரெக்ஸ் டன்பாபின், நல்ல மனிதர், ஓய்வுபெற இரண்டு வாரம் இருந்தது. என்னைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு அறிக்கையைச் சொன்னார், நான் சுருக்கெழுத்தில் எடுத்தேன். ஒன்பதாம் பத்தியில் நின்றுவிட்டார்.

"நெரிடா, அதுக்கப்புறம்னு சொல்லணும். ஆனா அதனாலன்னு சொல்லக் கூடாது. என்ன வார்த்த போடலாம்?"

"ஆஃப்டர்?"

"கடைக்காரன் பேசற மாதிரி இருக்கும்மா. அறிக்கைக்கு ஏத்த மாதிரி சொல்லு."

"ஃபாலோயிங்?"

"அதான்! அதப் போடு." ஜன்னல் வழியாகத் துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "படகு கடலடியில கெடக்கு. மூடி தாழ் போடல, அப்புறம் படகு முழுகிச்சு. நமக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். பலகை விட்டுப்போச்சோ, மெதக்கற மரத்துல இடிச்சுதோ, யாரு கண்டா? இருபத்திநாலு வயசுப் பையன். தெரியாத ஒண்ண எதுக்கு அவன் தலையில கட்டணும்?"

தாழிடத் தவறியதைத் தொடர்ந்து படகு மூழ்கியது. அப்படித்தான் அடித்து தெல்மாவின் மேசையில் வைத்தேன்.

மறுநாள் திரும்பி வந்தது. ஒன்பதாம் பத்தியில் 'ஃபாலோயிங்' மேல் பச்சைக் கோடு. வாக்கியத்தையே புரட்டியிருந்தாள். படகின் மூழ்கல், பணியாள் மூடியைத் தாழிடத் தவறியதால் விளைந்தது. 'டியூ டு'. பெயர்ச்சொல்லின் கையைப் பிடித்துக்கொண்டு, அவள் சட்டப்படி ஒரு குறையும் இல்லாமல் நின்றது. அவள் பக்கமும் சொல்லிவிடுகிறேன். காரணமில்லாவிட்டால் மூடியைப் பற்றி அந்த வாக்கியத்தில் எதற்குப் பேச வேண்டும்? படிக்கிற யாரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

எனக்குத் தெரியும். இந்த உலகத்தில் டன்பாபினைத் தவிர எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். நான்கு அடி தள்ளி அவள் மேசை. எழுந்து போய், 'கேப்டன் வேண்டுமென்றேதான் அந்தச் சொல்லைப் போட்டார்' என்று சொல்லியிருந்தால் முடிந்தது. நான் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது பயத்தால் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயம் இல்லை. கையெழுத்துப் போடும்போது கேப்டன் பார்ப்பார், கொதிப்பார், எல்லோர் முன்னாலும் தெல்மாவைக் கூப்பிட்டு வாங்குவாங்கென்று வாங்குவார் என்று நினைத்தேன். அதைப் பார்க்க ஆசைப்பட்டேன். ஒரு பிழைகூட இல்லாமல் அடித்து வைத்தேன்.

கேப்டன் பார்க்கவில்லை. அவருடைய கடைசி வெள்ளிக்கிழமை அது. ஒரு கையில் கேக் தட்டு, மறு கையில் பேனா. "தெல்மா பாத்தாச்சுல்ல? அப்புறம் நான் வேற எதுக்குப் பாக்கணும்?" என்று நின்றபடியே ஆறு அறிக்கைகளில் கையெழுத்துப் போட்டார். எல்லோரும் கை தட்டினார்கள். திங்கட்கிழமை மனைவியோடு கேரவனைக் கட்டி இழுத்துக்கொண்டு குவீன்ஸ்லாந்துக்குக் கிளம்பிவிட்டார். 1974இல் அங்கேயே இறந்தார். அறிக்கை அச்சாகி வந்தது. ஒன்பதாம் பத்தியை மட்டும் எடுத்துப் பத்திரிகைகள் போட்டன.

அதற்குப் பிறகு பதினேழு வருடம் தெல்மாவும் நானும் ஒரே அறையில் வேலை செய்தோம். ஆச்சரியம், எங்களுக்குள் பிரியம் வந்துவிட்டது. என் அப்பா இறந்தபோது குவீன்ஸ்டவுன் வரை வளைந்து வளைந்து போகும் அந்தச் சாலையில் பேருந்தில் வாந்தி எடுத்துக்கொண்டே வந்து இறுதிச் சடங்கில் நின்றாள். என் மகனின் கட்டுரைகளைத் திருத்தி அவனை அழவைத்தாள். கிறிஸ்துமஸுக்குத் தேவாலயப் பாடல் குழுவில் பாடுவாள், பாட்டுத்தாளிலும் பச்சை மை இருக்கும். ஒன்பதாம் பத்தியை நான் மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். நினைப்பு வரும்போதெல்லாம் வேறு ஏதாவது வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

1983 மார்ச்சில், தெல்மா ஓய்வுபெற மூன்று மாதம் இருக்கையில், முன்மேசைக்கு ஒரு ஆள் வந்தார். நாற்பது வயதிருக்கும். தொப்பியைக் கையில் வைத்துச் சுழற்றிக்கொண்டே நின்றார். பேரி என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, "லோர்னா அறிக்க எழுதின கேப்டனப் பாக்கணும்" என்றார்.

என் விரல்கள் விசையிலேயே நின்றுவிட்டன.

"அவர் இறந்துட்டாருங்க, ரொம்ப வருஷம் ஆச்சு," என்று தெல்மா எழுந்து போனாள். "நீங்க?"

"காலின் பரிட்ஜ். தப்பா நெனைக்காதீங்க, சண்ட போட வரல. ஒரே ஒரு விஷயம் தெரிஞ்சுக்கணும். விசாரணையோட கடைசி நாள் கேப்டன் எங்கிட்ட நேருக்கு நேர் சொன்னாரு, தம்பி, படகு ஏன் முழுகிச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது, நானும் சொல்லப் போறதில்லன்னு. கைகூட குடுத்தாரு. அப்புறம் அச்சுல வந்தப்ப நான்தான்னு போட்டிருந்துச்சு. எப்ப மனச மாத்திக்கிட்டாரு? என்னத்தக் கண்டுபிடிச்சாரு? அதத் தெரிஞ்சுக்கிட்டா போதும்."

"ஏன் இவ்வளவு வருஷம் கழிச்சு?"

"எங்கம்மா போன மாசம் போயிட்டாங்க. அவங்க இருந்த வரைக்கும் கேக்க பயமா இருந்துச்சு. நெஜமாவே ஏதாவது கண்டுபிடிச்சிருந்தாருன்னா?"

தெல்மா கோப்பறைக்குப் போய்ப் பழைய காகிதக்கட்டை எடுத்து வந்தாள். நின்றுகொண்டே ஒன்பதாம் பத்தியைப் புரட்டினாள். அவளுடைய பச்சை மையை அவளே பார்த்தாள். பதினேழு வருடத்தில் அது கொஞ்சம் வெளுத்திருந்தது. அவ்வளவு நேரம் ஒரே வரியை அவள் படித்து நான் பார்த்ததில்லை.

"மிஸ்டர் பரிட்ஜ், உங்க விலாசத்தக் குடுங்க. நான் சொல்லி அனுப்பறேன்," என்றாள்.

அவர் போனபின் அந்தத் தாளோடு என் மேசைக்கு வந்தாள்.

"நெரிடா, இது நீ அடிச்சதுதான. கேப்டன் இந்த வார்த்தயப் பத்தி உங்கிட்ட எதாவது சொன்னாரா? நல்லா யோசிச்சுச் சொல்லு."

"ஞாபகம் இல்லயே மிஸ் ஓக்ஃபோர்ட். எவ்வளவோ அடிக்கறோம்."

"ஆமா. உன்னப் போய்க் கேக்கறேன் பாரு," என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு அவள் நான்கு வருடம் உயிரோடு இருந்தாள். அந்தப் பதிலை நான் மாற்றவே இல்லை.

தெல்மா நேராகப் புதிய தலைவர் டிரிலோரின் அறைக்குப் போனாள். இளம் வயது, நல்ல உடை, வம்பு வேண்டாம் என்பவர். திருத்தச் சீட்டு ஒன்று அச்சடித்து வெளியிட ஒத்துக்கொண்டார். ஆனால் மறுநாள் அவர் எழுதிக் கொடுத்த வாசகத்தைப் பார்த்து தெல்மா வெடித்துவிட்டாள். கதவு திறந்தே இருந்தது. அலுவலகம் முழுக்கக் கேட்டது.

"தட்டச்சுப் பிழைன்னு எழுதியிருக்கீங்க!"

"எல்லாரும் அப்படித்தாங்க எழுதறது. யாருக்கும் பாதகமில்ல."

"பாதகமில்லயா? அடிச்சது அங்க உக்காந்திருக்கு. அவ அடிச்சதுல இருபது வருஷத்துல ஒரு எழுத்து பிசகினதில்ல. என் தப்புக்கு அவ பேரக் கெடுப்பீங்களா? ஒருத்தன் பேரக் கெடுத்தது போதாதா?"

பேரி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். நான் தாளை இயந்திரத்துக்குள் உருட்டிக்கொண்டிருந்தேன். உருளையில் தாள் கோணலாகப் போனது. உருவி எடுத்து மறுபடி விட்டேன், மறுபடியும் கோணலாகப் போனது.

முடிவில் தெல்மாவே எழுதினாள். கேப்டன் டன்பாபின் காரணம் எதையும் கூறவில்லை என்றும், அச்சான வாக்கியம் திருத்துநர் தெ. ஓக்ஃபோர்ட் செய்த மாற்றத்தால் விளைந்தது என்றும் இரண்டே வரி. 'டியூ டு' சரியான இடத்தில் இருக்கிறதா என்று ஒருமுறைக்கு இருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். அதைப் பார்த்துச் சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

"தபால்ல அனுப்ப மாட்டேன். நேர்ல போய்க் குடுக்கணும். நீ கார் ஓட்டறியா?" என்று கேட்டாள்.

சனிக்கிழமை கிளம்பினோம். ஆப்பிள் பறிப்பு நடந்துகொண்டிருந்த நேரம், வழியெல்லாம் பெட்டி ஏற்றிய லாரிகள். இரண்டு மணி நேரப் பயணத்தில் தெல்மா ஒரே ஒருமுறை பேசினாள். "தைரியம் இல்லாதவன் எழுதற வார்த்தன்னு சொல்லுவேன்ல? அந்தாள் தைரியமாத்தான் எழுதியிருக்காரு. தெரியாதுன்னு சொல்ல எவ்வளவு தைரியம் வேணும். யாராவது ஒருத்தர் எங்கிட்ட வந்து சொல்லியிருக்கலாம்." சாலையில் எதிரே டிராக்டர் வந்தது. நான் வேகத்தைக் குறைத்தேன்.

காலினின் வீடு பெல்லாமி கோவ் படகுத்துறைக்கு மேலே இருந்தது. தனியாக இருந்தார். தேநீர் போட்டுக் கொடுத்தார். தெல்மா உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். சொல்லைச் சொன்னாள், சட்டத்தைச் சொன்னாள், தான் மாற்றியதைச் சொன்னாள். "வேற யாருக்கும் இதுல பங்கு இல்ல. யாருக்கும் தெரியாது. நான் ஒருத்திதான்," என்றாள். நான் தேநீரைக் குடித்தேன். சூடாக இருந்தது, ஆனாலும் குடித்தேன்.

காலின் சீட்டைப் படித்தார். மறுபடி படித்தார்.

"அப்ப அவர் மனச மாத்திக்கல?"

"இல்ல."

"ஒண்ணும் கண்டுபிடிக்கல?"

"ஒண்ணுமே இல்ல."

சீட்டைக் கீழே வைக்காமலே சொன்னார். "ஆத்தலோட பொண்ணு கிளெனிஸ். எங்களுக்கு நிச்சயம் ஆயிருந்துச்சு. அப்பா செத்தும் அவ என்ன விடல. ஏப்ரல்லேருந்து நவம்பர் வரைக்கும், ஊரே பேசினப்ப, யாருக்கும் தெரியாதத ஏன் பேசறீங்கன்னு சண்ட போட்டா. பேப்பர்ல அந்த வரி வந்த அன்னிக்கு மோதிரத்த அந்தப் பேப்பர் துண்டுலயே சுத்தி அனுப்பிட்டா. அதுக்கப்புறம் என்னப் படகுல ஏத்திக்க ஆளில்ல. ஆப்பிள் கொட்டகையிலதான் வேல. பதினேழு வருஷமா நானே நம்பிட்டேன், நான்தான்னு."

தெல்மா கைப்பையைத் திறந்து பேனாவை எடுத்தாள். "அவங்க விலாசம் இருந்தா குடுங்க. நான் எழுதறேன். நேர்ல வேணும்னாலும் போறேன்."

"கெய்ர்ன்ஸ்ல இருக்கா. மூணு பிள்ளைங்க. அதுல பெரியவன் பேரு ஆத்தல்." அவர் சீட்டை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். "வேண்டாங்க. எழுதினத நம்பினா, அவ வேற என்ன செய்வா? இதப் படிச்சா இனிமே ராத்திரி தூங்க மாட்டா. நான் பட்டது போதும், அவளும் படணுமா?"

தெல்மா வாய் திறந்தாள். மன்னிப்பு என்று ஏதோ தொடங்கினாள், முடிக்கவில்லை. வாழ்நாளில் எந்த வாக்கியத்தையும் பாதியில் விட்டவள் இல்லை அவள். காலின் அவளைத் திட்டவும் இல்லை, பரவாயில்லை என்று சொல்லவும் இல்லை. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

தெல்மா காருக்குள் போய் உட்கார்ந்து நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலின் உள்ளே போய் ஒரு பை நிறைய ஆப்பிள்களோடு திரும்பி வந்தார். என் பக்கத்து ஜன்னலில் குனிந்தார்.

"அவங்க பண்ணினதுக்கு அவங்க வந்தாங்க. நீங்க பாவம், உங்களுக்கு இதுல என்ன வந்துச்சு? இவ்வளவு தூரம் ஓட்டிட்டு வந்தீங்களே. நல்ல மனசும்மா உங்களுக்கு."

பையை என் மடியில் வைத்தார். நான் வாங்கிக்கொண்டேன்.